ஊரடங்கில் வீட்டுக்குள் இருக்க எந்த ஆப் உண்மையிலேயே கை கொடுக்கிறது?

கார்த்திகைப்பூ (மே 2020):

வணக்கம். நான் தனியாக இருக்கிறேன். வேலை, மீட்டிங் எல்லாம் வீட்டிலிருந்தே நடக்கிறது. பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. மாலையில் லேப்டாப்பை மூடியதும் கை தானாகவே போனுக்குப் போகிறது. செய்தி, தொற்று எண்ணிக்கை, யாரோ அனுப்பிய வீடியோ, மறுபடி செய்தி. நிமிர்ந்து பார்த்தால் நடுராத்திரி ஆகியிருக்கும். தூக்கமும் இல்லை, உருப்படியாக எதையும் பார்த்த நிறைவும் இல்லை.

இன்னொரு கவலை, அப்பா. அவரும் வேறு ஊரில் தனியாக இருக்கிறார். தினமும் பேசுகிறோம். "சாப்பிட்டியாம்மா, உடம்பு எப்படி இருக்கு, வெளியே போகாதே." அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. இருவருக்குமே சொல்லிக்கொள்ளப் புதிதாக எதுவும் நடப்பதில்லையே.

தேடினால் நீளநீளமான பட்டியல்கள்தான் வருகின்றன. எனக்குப் பட்டியல் வேண்டாம். நீங்கள் தினமும் திறக்கிற ஆப் எது, அது உங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

மாடிப்படி:

எங்கள் நண்பர் கூட்டம் ஹவுஸ்பார்ட்டி என்ற வீடியோ அழைப்பு ஆப்பில் இருக்கிறது. நாம் ஆப்பைத் திறந்தாலே மற்றவர்களுக்குத் தகவல் போய்விடும், யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். நேரம் குறித்துக் கூப்பிட வேண்டியதில்லை. அறையைப் பூட்டி வையுங்கள், இல்லையென்றால் நண்பரின் நண்பரும் நுழையலாம். குடும்பத்தோடு பேச வாட்ஸாப்பே போதும். முன்பு 4 பேர்தான் முடியும், போன மாதம் அதை 8 பேராக்கிவிட்டார்கள்.

உடற்பயிற்சிக்கு '7 நிமிடப் பயிற்சி' என்று தேடினால் நிறைய இலவச ஆப் கிடைக்கும். 12 பயிற்சி, ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவில் 10 விநாடி ஓய்வு. ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் இருந்தால் போதும்.

ஜன்னலோரம்:

தங்கச்சி, வீட்டுக்குள் இருப்பது எனக்கு இந்த வருஷம் தொடங்கிய விஷயமில்லை. முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு வருஷக்கணக்காக இந்த அறை, இந்தக் கட்டில், இந்த ஜன்னல்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஒரு ஆப்பை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று முடிவெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: அது எங்காவது போய் முடிகிறதா? செய்தியும் சமூக வலைத்தளமும் முடிவதே இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படிதான் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். அதோடு மல்லுக்கட்டி உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், முடிகிற ஆப்களை அந்த இடத்தில் வையுங்கள்.

நான் தினமும் முதலில் திறப்பது லிசெஸ். சதுரங்க ஆப், முழுக்க இலவசம், ஒரு விளம்பரம்கூடக் கிடையாது, ஆடுகிறவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. கடிதம் போட்டு ஆடுவது போன்ற ஆட்டமும் அதில் உண்டு. ஒரு நகர்த்தலுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்துக்கொள்ளலாம். நானும் என் அண்ணனும் 3 நாள் வைத்து ஆடுகிறோம். காலையில் திறந்து, அவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்து, யோசித்து, ஒரு காயை நகர்த்திவிட்டு மூடிவிடுவேன். "அந்தக் குதிரையை எதுக்கு அங்கே கொண்டுபோய் வெச்ச?" என்று கேட்கவே அண்ணன் போன் செய்வார். குதிரையில் தொடங்குகிற பேச்சு அப்புறம் எங்கெங்கோ போகும். நீங்களும் அப்பாவும் உடல்நிலையைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேச வேண்டுமானால், உங்கள் இருவருக்கும் நடுவில் இப்படி ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, பி மை ஐஸ். என் போனில் எது போனாலும் இது போகக்கூடாது. டென்மார்க்கில் தொடங்கியது, 2015 முதல் இருக்கிறது. பார்வையற்ற ஒருவர் உதவி கேட்டால் அவர் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கும். முதலில் எடுப்பவருக்கு அவருடைய கேமரா காட்டுவது தெரியும். எனக்கு வந்த ஒரு அழைப்பில் ஒரு பெண் மாத்திரை அட்டையைக் காட்டிக் காலாவதித் தேதி கேட்டார். பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுக் கூப்பிட முடியாத காலம் இது, அவருக்கு வேறு வழியில்லை. "கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கள், விளக்கு வெளிச்சம் அடிக்கிறது, இன்னும் கொஞ்சம், சரி, அப்படியே பிடியுங்கள்" என்று சொல்லி மாதத்தையும் ஆண்டையும் படித்துச் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். கட்டிலை விட்டு எழ முடியாத நாள் அது. அன்றைக்கும் ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன். அந்த நிறைவு எந்த வீடியோவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உதவி கேட்பவர்களைவிடத் தன்னார்வலர்கள் பல மடங்கு அதிகம், அதனால் அழைப்பு வாரக்கணக்கில் வராமலும் போகலாம். அதற்காக அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் மெர்லின். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினர் செய்தது, இலவசம். எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வளவு பெரியது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று 5 கேள்வி கேட்டுவிட்டு, எந்தப் பறவையாக இருக்கலாம் என்று படங்களைக் காட்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் திரையை விட்டுவிட்டுப் பறவையைத்தான் பார்த்தாக வேண்டும். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

கார்த்திகைப்பூ:

அக்கா, நன்றி. பி மை ஐஸ் இப்போதே போட்டுவிட்டேன். அப்பாவுக்குச் சதுரங்கம் தெரியாது, கற்றுக்கொள்ளும் பொறுமையும் இப்போது அவருக்கு இல்லை. முன்பு நிறைய வாசிப்பார். இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை என்று விட்டுவிட்டார். தூக்கத்துக்கு ஏதாவது சொல்ல முடியுமா? தியான ஆப் ஒன்று போட்டேன். சில நாள் கழித்துச் சந்தா கட்டு என்கிறது.

இரவுப்பணி:

நான் செவிலியர். வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தால் பகலில்தான் தூங்க முடியும், அதனால் இதை நிறையத் தேடியிருக்கிறேன். இன்சைட் டைமர் பாருங்கள். அதிலும் சந்தாப் பிரிவு உண்டு, ஆனால் இலவசமாகவே ஆயிரக்கணக்கான பயிற்சிகள் இருக்கின்றன. நான் அவற்றைக்கூடக் கேட்பதில்லை. மணியை மட்டும் வைத்துக்கொண்டு மூச்சைக் கவனிப்பேன். தொடக்கத்தில் ஒரு மணி, முடிவில் ஒரு மணி.

ஆனால் அதற்கு முன்னால் செய்தி ஆப்களின் நோட்டிஃபிகேஷனை எல்லாம் அணைத்துவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனமே மார்ச்சில் வெளியிட்ட மனநலக் குறிப்பில், செய்தியை நாளுக்கு ஓரிரு முறை, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறது. நான் மாலையில் ஒரு முறை பார்க்கிறேன். படுக்கும்போது போன் வேறு அறையில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் இன்னொரு ஆப் தேடாதீர்கள். மருத்துவரிடம் பேசுங்கள். இப்போது போனிலேயே பலர் பார்க்கிறார்கள். தயங்க வேண்டாம் தோழி.

ஜன்னலோரம்:

செவிலியர் சொல்வதுதான் சரி, அதை முதலில் செய்யுங்கள்.

அப்பா வாசிக்கிறவர் என்றால் வழி இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இலவசமாக இருக்கின்றன. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். அப்பாவுக்குப் பிடித்த ஒன்றை அவரிடமே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அவர் கண்ணுக்கு வேலையே வேண்டாம், நீங்கள் வாசியுங்கள். போனில் அவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, லேப்டாப்பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தி பார்க்கிற அந்த மாலை நேரத்தையே இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் உச்சரிப்பை அவர் திருத்துவார், நடுவில் நிறுத்தி ஏதாவது கதை சொல்வார், விடுங்கள், சொல்லட்டும். ஒரு அத்தியாயம் முடிந்ததும், அதுவும் நல்ல இடமாகப் பார்த்து, நிறுத்திவிடுங்கள். மறுநாள் அவரே கூப்பிட்டு "அப்புறம் என்ன ஆச்சு, படி" என்பார்.