வாரம் 30 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டுமா?

தண்டையார்பேட்டை பி.காம்:
இரண்டாம் ஆண்டு பி.காம் படிக்கிறேன், காலை ஷிப்ட். ஒரு நாளைக்கு ஒரு மணி நேர பீரியட் ஐந்து, ஆறு டே ஆர்டர் (கிழமையைப் பார்க்காமல் முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுற்றி வரும் டைம் டேபிள்), ஆக 30 மணி நேரம். போன சுற்று முழுக்க எந்த பீரியடில் என்ன நடந்தது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தேன். ஆசிரியர் விளக்கி எனக்கு ஏதாவது புரிந்த நேரம், நானே கணக்குப் போட்டுப் பார்த்த நேரம், இரண்டும் சேர்த்து 13 மணி நேரம் வந்தது. மீதி 17-இல் பாதிக்கு மேல் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதியதில் போனது. அப்புறம் எழுபது பேருக்கு அட்டென்டன்ஸ் எடுத்தது, ஆசிரியர் வராத பீரியடில் சும்மா உட்கார்ந்திருந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் பத்து கணக்கு போட்டால்தான் கை வரும். வகுப்பில் இரண்டு போடுகிறோம், மீதி எட்டைப் போட எனக்கு நேரம் இல்லை, ஏனென்றால் மதியம் இரண்டு மணிக்கு மண்ணடியில் ஒரு கடைக்கு பில் போடப் போகிறேன், ராத்திரி ஒன்பதுக்குத்தான் விடுவார்கள்.

அமெரிக்காவில் ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் (பாடத்தின் அளவை எண்ணும் அலகு) எடுக்கும் மாணவர் வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம்தான் வகுப்பில் இருக்கிறார். நமக்கு அதைப் போல இரண்டு மடங்கு. 30-ஐ 20 ஆக்கினால் எதை இழப்போம், சொல்லுங்கள்.

எண்ணூர் ஆசிரியை:
தம்பி, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு என்று அந்த நாட்டு விதியே சொல்கிறது. 15 கிரெடிட் எடுத்தால் வகுப்பு 15, வெளியே 30, மொத்தம் 45 மணி நேரம். அந்த 30 மணி நேரத்துக்கு அங்கே நூலகம் இருக்கிறது, விடுதி அறை இருக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு மேசைகூட இல்லை. நான் பத்தொன்பது வருடமாகக் கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் நடக்காத படிப்பு வீட்டில் நடந்து நான் பார்த்தது மிகக் குறைவு.

இன்னொன்று, அந்த 30 எல்லா வாரமும் 30 கிடையாது. சனிக்கிழமை விடுமுறை விடும் கல்லூரியில் ஆறாவது டே ஆர்டர் அடுத்த திங்கட்கிழமைக்குப் போய்விடும், அந்த வாரம் 25 மணி நேரம்தான். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளைக்கு ஐந்து மணி, 450 மணி நேரம் என்று பார்ப்பதுதான் சரியான அளவு. அதிலும் கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே, இன்டர்னல் தேர்வு, மழை விடுமுறை எல்லாம் போகப் பாடம் நடத்த என் கைக்கு வருவது எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். இதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டச் சொல்கிறீர்கள்.

காசிமேடு:
மேடம், உங்களை மதிக்கிறேன், ஆனால் இந்த 450 மணி நேரக் கணக்கில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? அப்பா விசைப்படகில் போகிறார். நான் விடியற்காலை இரண்டரை மணிக்கு ஏலத்துக்குப் போய்க் கூடை தூக்கி, ஐஸ் போட்டு, ஏழு மணிக்குக் குளித்துவிட்டு எட்டரைக்கு வகுப்பில் இருப்பேன். முதல் பீரியடில் கண் சொருகும். தூங்குகிறேன் என்று வெளியே அனுப்புவார்கள், அதற்கு ஆப்சென்ட். போன செமஸ்டரில் அட்டென்டன்ஸ் 71 சதவீதம், அது குறைந்ததற்காகக் கண்டோனேஷன் பணம் கட்டித்தான் ஹால் டிக்கெட் வாங்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் அப்படியே நின்றுவிடும், எங்களுக்குத் தேர்வு நடப்பதும் அந்த நேரத்தில்தான். மற்ற மாதங்களில் நான் சம்பாதித்து வைத்தால்தான் அந்த இரண்டு மாதம் ஓடும். வாரத்துக்கு 20 மணி நேரம் என்றால் தினம் ஏறக்குறைய இரண்டு பீரியட் குறையும், பத்து மணிக்கு வந்தால் போதும் என்று வைத்தால் நான் தூங்கிவிட்டுத் தெளிவாக வருவேன். இப்போது உடம்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது.

மணலி அப்பா:
நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். ஹார்பர் கேட்டில் வரிசையில் நின்றால் எப்போது உள்ளே போவேன், எப்போது வெளியே வருவேன் என்று எனக்கே தெரியாது. என் பெண் முதலாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் பணம் வருகிறது, சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அதனால்தான் தைரியமாகச் சேர்த்தேன். எட்டரையிலிருந்து ஒன்றரை வரை பிள்ளை வகுப்பில் இருக்கிறாள் என்று தெரிந்தால் நான் நிம்மதியாக வண்டி ஓட்டுவேன். நேரத்தைக் குறைத்து, பத்து மணிக்கு ஒரு வகுப்பு, நடுவில் இரண்டு மணி நேரம் சும்மா, அப்புறம் ஒரு வகுப்பு என்று ஆக்கினால் அந்த நடு நேரத்தில் பிள்ளைகள் எங்கே போவார்கள்? படிக்கத்தானே அனுப்புகிறோம், முழு நேரமும் படிக்கட்டும். வேலைக்குப் போகிற பையன்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, அதற்காக எல்லோருக்கும் வகுப்பைக் குறைப்பது சரியில்லை.

வியாசர்பாடி இன்ஜினியர்:
நான் இன்ஜினியரிங் முடித்தவன், நேரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2018-இல் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் கவுன்சில்) மாதிரிப் பாடத்திட்டம் பி.இ., பி.டெக் படிப்பின் கிரெடிட்டை 220 அளவிலிருந்து 160-ஆகக் குறைத்தது. மாணவர்களுக்குச் சுமை குறையட்டும், சொந்தமாகப் படிக்கட்டும் என்றுதான் செய்தார்கள். நான் படித்த கல்லூரியில் காலியான பீரியடை காலியாக விடவே இல்லை. பிளேஸ்மென்ட் டிரெயினிங், ஆப்டிட்யூட் வகுப்பு, ஏதோ ஒரு சான்றிதழ் கோர்ஸ் என்று நிரப்பிவிட்டார்கள், காலை எட்டேகாலிலிருந்து மூன்றரை வரை உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். கலைக் கல்லூரியிலும் இதுதான் நடக்கும். 2022-இல் தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் வந்தது, அதன் பயிற்சிகள் கல்லூரிப் பாடத்தோடு சேர்ந்தன, நல்ல திட்டம்தான், ஆனால் அதற்கும் டைம் டேபிளில்தானே இடம் தேட வேண்டும்? எண்ணிக்கையை மாற்றச் சொல்லிப் பயனில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை பி.காம்:
அண்ணா, அதைத்தானே 13, 17 என்று பிரித்துச் சொன்னேன். நோட்ஸ் டிக்டேட் செய்வதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். மேடம், ஒரு சந்தேகம். எங்கள் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். ஆறு செமஸ்டரில் பிரித்தால் ஒன்றுக்கு 23 சொச்சம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, பிராக்டிகல் என்றால் இரண்டு மணி நேரம். பி.காமில் எங்களுக்கு பிராக்டிகல் என்று பெரிதாக எதுவும் இல்லை. அப்படியானால் 23 மணி நேரம் போதுமே, மேலே இருக்கும் ஏழு மணி நேரம் எதற்கு?

எண்ணூர் ஆசிரியை:
நல்ல கேள்வி, இதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். கிரெடிட் முறை வருவதற்கு முன்பிருந்தே ஐந்து பீரியட், ஆறு நாள் என்ற சட்டகம் இருக்கிறது. கிரெடிட் வந்தபோது அந்தச் சட்டகத்தை மாற்றாமல், அதன் மேல் கிரெடிட்டை ஒட்டினோம். அதனால்தான் ஐந்து மணி நேரம் எடுக்கும் தாளுக்கு நான்கு கிரெடிட், ஆறு மணி நேரம் எடுக்கும் மொழிப்பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்றெல்லாம் டைம் டேபிள்களில் பார்க்கிறோம்.

மாற்றாததற்கு ஒரு பெரிய காரணம், ஆசிரியர் இடங்கள் மணி நேரத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது யுஜிசி அளவு. மூன்று வருட வகுப்புக்கும் சேர்த்து 90 மணி நேரம், அதை 16-ஆல் வகுத்தால் ஐந்தரை ஆசிரியருக்கு மேல் வரும். 20 மணி நேரமாக்கினால் 60 மணி, நான்கு ஆசிரியர்கூட வராது. முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். என் துறையில் பாதிப் பாடத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் அவர்கள்தான். நேரத்தைக் குறையுங்கள் என்று ஒரு மாணவர் எழுதிக் கொடுத்தால், அதை அரசு ஆசிரியர் இடத்தைக் குறைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் என்று எனக்குப் பயம். அந்த ஏழு மணி நேரத்தை வைத்துக்கொண்டு டியூட்டோரியல் ஆக்கச் சொல்லுங்கள், எழுபது பேரை மூன்றாகப் பிரித்து 23 பேராக உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள், அதற்கு நான் உங்களோடு நிற்பேன்.

காசிமேடு:
ஆசிரியர் வேலை போகக் கூடாது, சரி. எங்கள் ஆசிரியர்களிலும் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்தான் எனக்குத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அவர் இடத்தைக் காப்பாற்ற நான் தூக்கக் கலக்கத்தில் முதல் பீரியடில் உட்கார வேண்டும் என்றால் அது இரண்டு பேருக்குமே நியாயம் இல்லை. டியூட்டோரியலை முதல் இரண்டு பீரியடில் போடட்டும், அதில் காலையோ மதியமோ ஒரு குழுவில் வரலாம் என்று விடட்டும். இதுவாவது முடியாதா?

கொருக்குப்பேட்டை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், இப்போது எழுதுகிறேன். மணலி அண்ணா மகள் வயதுப் பெண்தான் நான், காலை ஷிப்ட், பி.எஸ்சி கணிதம். எங்கள் வீடு ஒரே அறை, ஐந்து பேர். அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவான், விளக்குப் போட முடியாது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடணும், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றரைக்கு வகுப்பு விட்டு, ரயில்வே கேட் மூடியிருந்தால் நின்று, வீட்டுக்குப் போனால் அதோடு என் படிப்பு அன்றைக்கு முடிந்தது. காலேஜ் இருக்கிறது என்று சொன்னால் மட்டும்தான் என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். எனவே 30-ஐ 20 ஆக்கினால் எனக்கு அந்தப் பத்து மணி நேரம் படிப்புக்குக் கிடைக்காது, குடத்துக்கும் அடுப்புக்கும் போய்விடும்.

ஆனால் எனக்கு அந்த 30 மணி நேரமும் லெக்சராக வேண்டாம். உட்கார இடம் வேண்டும், தொந்தரவு இல்லாமல், ஒரு மின்விசிறியோடு. எங்கள் கல்லூரியில் ஒன்றரை மணிக்கு இரண்டாம் ஷிப்ட் வந்துவிடும், எங்கள் அறை அவர்களுக்கு. காலை ஷிப்ட் பிள்ளைகள் இரண்டு மணிக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். நூலகம் நான்கு மணி வரைதான், அதுவும் மதியம் இரண்டாம் ஷிப்ட் அடையாள அட்டைக்கு மட்டும். ஆனால் இரண்டாம் ஷிப்ட் ஆறு மணி வரை நடக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், விளக்கு எரிகிறது. படிக்கும் அறையில் மட்டும் எங்களுக்கு ஏன் அனுமதி இல்லை?

வியாசர்பாடி இன்ஜினியர்:
கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்களே, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற என் தங்கை அங்கேதான் போகிறாள், ஏ.சி., மேசை, வைஃபை எல்லாம் உண்டு. உங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சுற்று, ஆனால் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை:
தெரியும் அண்ணா, ஒரு தடவை போனேன். இரண்டு பஸ், போக வர ஒன்றரை மணி நேரம். கல்லூரி நூலகம் என் வகுப்பறையிலிருந்து நாற்பது அடி.

மணலி அப்பா:
பாப்பா, நீ சொன்னது எனக்கு உறைக்கிறது. பிள்ளை வகுப்பில் இருக்கிறாள் என்றால் படிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நேற்று ராத்திரி என் பெண்ணிடம் கேட்டேன், இரண்டு மணிக்கு மேல் அவளையும் வெளியே அனுப்பிவிடுகிறார்களாம், சினேகிதி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிவிட்டு வருகிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. வகுப்பு நேரம் குறையக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் படிக்க உள்ளே உட்கார விடுவார்கள் என்றால் ஐந்தரை வரைகூட இருக்கட்டும். ஐந்தரைக்கு மேல் வேண்டாம், லாரி போகிற ரோட்டில் இருட்டில் நடந்து வர வேண்டியிருக்கும்.

எண்ணூர் ஆசிரியை:
இதை வாயால் கேட்டால் நடக்காதும்மா, எழுத்தில் கொடுங்கள். கல்லூரி முதல்வருக்கு, துறைத் தலைவர் வழியாக. எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை பேர் என்று தெளிவாக இருக்க வேண்டும். நூலகர் மறுப்பதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஆள் இல்லை என்பதாகத்தான் இருக்கும், அதனால் புத்தகம் எடுக்க மாட்டோம், படிக்கும் அறை மட்டும் போதும், அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு உட்காருகிறோம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். பெற்றோர் கையெழுத்தும் சேர்ந்தால் முதல்வருக்குச் சம்மதிக்க எளிது. மணலி சார், உங்களைப் போல நாலு பேர் கையெழுத்துப் போட்டாலே போதும்.

தண்டையார்பேட்டை பி.காம்:
எனக்கு மதியம் வேலை, அந்த அறை எனக்கு உதவாது, நான் இன்னமும் குறைக்கத்தான் கேட்பேன், குறைந்தபட்சம் டிக்டேஷன் பீரியடையாவது. ஆனாலும் அந்தக் கடிதத்தைத் தமிழில் நான் டைப் அடித்துத் தருகிறேன். கடையில் பிரின்டர் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை:
வகுப்பில் கேட்டேன், 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி, இரண்டு மணி முதல் ஐந்தரை. அறை எண் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் அண்ணா, அதை மட்டும் காலியாக விட்டு அடியுங்கள்.