மறு: ஏரோபிக் பயிற்சிக்குத் தமிழ்ல என்ன சொல்? (கூடவே ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சளவுச் சோதனை, சொற்களும்)

வணக்கம்,

> ஏரோபிக் எக்சர்சைசுக்கு "நுரையீரல் பயிற்சி"ன்னே வச்சிடலாமே, எல்லாருக்கும் புரியும்

புரியும்தான் ஐயா, ஆனா தப்பா புரியும். இருபது வயசுப் பையன் மூணு மாசம் விடாம ஓடினான்னா மாறுறது முக்கியமா இதயமும் தசையும்தான், ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுற ரத்தம் கூடுது, தசைக்குள்ள ஆற்றல் தர்ற மைட்டோகாண்ட்ரியாவும் நுண்ணிய ரத்தக்குழாய்களான தந்துகிகளும் பெருகுது, நுரையீரல் கொள்ளளவு கிட்டத்தட்ட அப்படியேதான் கிடக்கும். அது முன்னாடியே தேவைக்கு மேல இருக்கு: சும்மா உக்காந்திருக்கப்ப நிமிஷத்துக்கு சுமார் 6 லிட்டர் காத்து போய்வருது, மூச்சுவாங்க ஓடினா 100 லிட்டரையே தாண்டும், அப்பவும் பெரும்பாலானவங்களுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் பெருசா இறங்காது. மூச்சுத் தசை கொஞ்சம் உறுதியாகும், அவ்வளவுதான். நீச்சல்காரங்களுக்கு நுரையீரல் பெருசா இருக்குமே, அது பயிற்சியாலயா பிறவியிலயாங்கிறது தனிப் பஞ்சாயத்து.

அதனால என் ஓட்டு "உயிர்வளிசார் பயிற்சி"க்கு (உயிர்வளின்னா ஆக்சிஜன்). அனேரோபிக்குக்கு "உயிர்வளிசாராப் பயிற்சி"ன்னு ஜோடியும் தானா வந்துடுது.

அடுத்தது எஃப்.இ.வி-1, அதாவது வேகமா ஊதுறப்ப முதல் நொடியில வெளிய வர்ற காத்தோட அளவு. "வன்வெளிமூச்சுக் கனஅளவு"ன்னு ஒருத்தர் போட்டிருந்தார், படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது! லேப்ல என்ன சொல்றாங்க? நல்லா இழுங்க, ஊதுங்க ஊதுங்க இன்னும் ஊதுங்க. அப்ப "ஊதளவு"ன்னே வைப்போமே. முழுசா ஊதினது முழு ஊதளவு, முதல் நொடியில வந்தது முதல்நொடி ஊதளவு, ரெண்டுக்கும் உள்ளது ஊதளவு விகிதம். ஆரோக்கியமான இளவயசுக்காரங்களுக்கு முதல் நொடியிலயே சுமார் 80% வெளிய வந்துடும். ஸ்பைரோமீட்டர் "மூச்சளவி".

----

அண்ணா, ஊதளவு சூப்பர், ஆனா ஒரு சிக்கல். வைட்டல் கெப்பாசிட்டிய (நல்லா இழுத்து முழுசா விடுற காத்தோட அளவு) மெதுவா மூச்சு விடச்சொல்லியும் அளப்பாங்க, 1846ல ஆங்கிலேய மருத்துவர் ஹட்சின்சன் அந்தப் பேர வச்சப்பவே வேகம் அதுல கணக்கில்ல. சி.ஓ.பி.டி.ங்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கவங்க வேகமா ஊதினா சின்ன மூச்சுக்குழாயெல்லாம் மூடிக்கிட்டு அளவு கம்மியா காட்டும், மெதுவா விட்டா கூட வரும். ரெண்டையும் "முழு ஊதளவு"ன்னா ரிப்போர்ட் குழம்பிடும்.

----

சரியான பிடி தம்பி. அப்ப வேகமா ஊதுறதுக்கு மட்டும் முழு ஊதளவு, வைட்டல் கெப்பாசிட்டிக்கு "முழுமூச்சளவு". அரை லிட்டர் சொச்சம் போய்வர்ற சாதா மூச்சுக்கு "இயல்மூச்சளவு". எவ்வளவு ஊதினாலும் உள்ளயே தங்கிடுற காத்துக்கு "எச்ச அளவு"ங்கறேன், வேற யாருக்காவது தோணினா போடுங்க.