பைதான் நிரல்மொழியில் உங்கள் முதல் நிரல் எங்கே இடறியது?

ஜார்ஜ்டவுனிலிருந்து:
பினாங்கின் லிட்டில் இந்தியாவில் சித்தப்பாவுக்கு மளிகைக் கடை. பைதான் கற்கத் தொடங்கிய இரண்டாம் மாதமே அவருடைய அன்றாட விற்பனையைக் கூட்டித் தர ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அழைத்தார். "தம்பி, கல்லாவில் பணம் கூடுதலாக இருக்கிறது, உன் கணக்கில் குறைவாக வருகிறதே?"

இரண்டு இரவுகள் தேடினேன். கடைப் பையன் ஓரிடத்தில் 4.50 ரிங்கிட் என்பதை 4,50 என்று காற்புள்ளியிட்டுத் தட்டியிருந்தான். தட்டியதைத் தசம எண்ணாக மாற்றித் தரும் ஃபுளோட், அதை மாற்ற முடியாமல் வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பியது. நானோ பிழையின் பெயரே குறிப்பிடாமல் பிழையைப் பிடிக்கும் எக்செப்டை மட்டும் போட்டு, அடியில் 'எதுவும் செய்யாமல் கடந்து போ' எனப் பொருள்படும் பாஸ் என்று எழுதியிருந்தேன். அந்த வரி சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. நிரல் அங்கேயே நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்!

இப்போது எண்ணாக மாற்றும் ஒரே வரியை மட்டும், பிழை வரக்கூடியதை முயன்று பார்க்கும் டிரைக்குள் வைக்கிறேன். எக்செப்ட் வேல்யூஎரர் என்று பெயர் சொல்லிப் பிடித்து, எத்தனையாவது வரி, என்ன தட்டப்பட்டது என்று திரையில் காட்டுகிறேன். தேடல் இரண்டு இரவுகள் நீண்டதற்கு, மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளின் பெயர்களும் காரணம்: எக்ஸ், எக்ஸ்2, எக்ஸ்3. எது விலை, எது எடை என்று எழுதிய எனக்கே விளங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
டியூஷன் மாணவர்களின் மதிப்பெண்களைச் சேர்க்க ஒரு ஃபங்ஷன், அதாவது வேண்டும்போதெல்லாம் பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு, எழுதினேன். பட்டியல் எதுவும் கொடுக்காவிட்டால் வெற்றுப் பட்டியலை எடுத்துக்கொள்ளும்படி, ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரியிலேயே வைத்தேன். இரண்டாம் மாணவியின் கணக்கில் முதல் மாணவனின் மதிப்பெண்களும் வந்து உட்கார்ந்தன. டெஃப் வரி ஓடும்போது அந்தப் பட்டியல் ஒரே ஒருமுறைதான் உருவாகிறது. பிறகு ஒவ்வொரு அழைப்பும் அதையே பகிர்ந்துகொள்கிறது. அங்கே 'எதுவுமில்லை' என்பதைக் குறிக்கும் நன் (None) என்று வைத்துவிட்டு, புதிய பட்டியலை ஃபங்ஷனுக்குள் உருவாக்குங்கள். புதியவர்களுக்கு இதை முதல் வாரமே சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

பட்டர்வொர்த்திலிருந்து:
மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். பிறரோடு சேர்ந்து எழுதும் நிரலுக்கு ஆங்கிலமே வசதி. பைதானை எழுதும் நடைக்காக 2001-இல் வந்த பெப் 8 வழிகாட்டி சொல்கிறபடி, சிறிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டு எழுதுங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
நேற்றிரவு எக்ஸ்2 இருந்த இடத்தில் 'விலை' என்று எழுதி ஓட்டினேன். ஓடியது. சித்தப்பா திரையை எட்டிப் பார்த்து அந்த ஒரு சொல்லை வாய்விட்டுப் படித்தார்.