தாத்தாவின் ஜாவாவும் வெள்ளைப் புகையும்

குழு: தொரப்பாடி வீடு
ஞாயிறு

நான்: [வீடியோ] தாத்தாவின் ஜாவா பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது! சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

காட்பாடி அத்தை: அப்பா வந்து வாசலில் நிறுத்துகிற அதே சத்தம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆற்காடு மாமா: சூப்பர் மாப்ளே! ஆனால் புகை இன்னா இவ்வளவு?

தங்கை: தெரு முழுக்கப் புகை மாமா. எதிர் வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

சித்தப்பா: ஓட ஓடப் புகை குறைந்ததா, கூடியதா?

நான்: கூடுகிறது சித்தப்பா. சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் என்றால் இந்நேரம் எரிந்து அடங்கியிருக்கும்.

சித்தப்பா: பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலந்தாய்?

நான்: லிட்டருக்கு 40 மில்லி.

சித்தப்பா: கலவை சரிதான். அப்போ எஞ்சின் கியர் பாக்ஸ் ஆயிலைக் குடிக்கிறது. வடித்து அளந்து பார்.

அம்மா: முதலில் சாப்பிட வரச் சொல்லுங்கள். இட்லி ஆறிப்போகிறது.

நான்: வடித்தாயிற்று. ஊற்றியதில் முக்கால்வாசிதான் வந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அப்பா: ஒழுகவில்லை என்றால் எங்கே போகும்?

நான்: எஞ்சினுக்குள்ளேயே போகிறது அப்பா. இது டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் மேலே ஏறும்போது அடியில் கிராங்க் அறையில், அதாவது பிஸ்டன் சுழற்றுகிற தண்டு இருக்கிற இடத்தில், இழுப்பு உண்டாகும். அந்த இழுப்பில்தான் கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் வருகின்றன. கிராங்க்குக்கு இடது பக்கம் கிளட்ச், வலது பக்கம் டைனமோ. ஆயிலோ காற்றோ உள்ளே வராமல் தடுக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் சீல். வண்டி வருடக்கணக்கில் ஷெட்டில் நின்றதில் ரப்பர் காய்ந்துவிட்டது. இடது சீல் போனால் பெட்ரோலோடு கிளட்ச் பக்கத்தில் இருக்கிற கியர் பாக்ஸ் ஆயிலும் உள்ளே வந்து எரியும். அதுதான் இந்தப் புகை.

பெங்களூர் அண்ணா: வலது சீல் போனால்?

நான்: அது இன்னும் ஆபத்து. அந்தப் பக்கம் ஆயில் கிடையாது, வெறும் காற்றுதான். காற்று கூடினால் பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் போதாமல் போகும். பிளக் வெளுக்கும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். புகை வராததால் வெளியே தெரியவும் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.

சித்தப்பா: நல்ல முடிவு. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கிராங்க்கில் இருக்கிற ஸ்பிராக்கெட்டை, அந்தச் செயின் பல்சக்கரத்தை, புல்லர் என்கிற இழுக்கும் கருவி போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினாலோ, ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினாலோ கிராங்க் கோணிவிடும். அப்புறம் லேத்துப் பட்டறைக்கு நடையாய் நடக்க வேண்டும். என்னிடம் புல்லர் இருக்கிறது, சாயங்காலம் கொண்டு வருகிறேன்.

ஆற்காடு மாமா: எப்படியும் பிரிக்கத்தானே போகிறாய். அதோடு டேங்க், மட்கார்டு எல்லாம் சுரண்டிப் புது பெயின்ட் அடித்துவிடு மாப்ளே. டேங்க் பக்கவாட்டுக்குப் புது முலாம் போட்டால் ஷோரூம் வண்டி மாதிரி நிற்கும். செலவில் பாதி நான் தருகிறேன்.

காட்பாடி அத்தை: வேண்டாம். டேங்கைத் தொடாதீர்கள்.

காட்பாடி அத்தை: குடியாத்தம் போகும்போதெல்லாம் அப்பா என்னை டேங்க் மேல்தான் உட்கார வைப்பார். இடது பக்கம் தங்கக் கோட்டுக்குக் கீழே என் கொலுசு உரசிய கீறல் இருக்கும். போய்ப் பார்.

நான்: [படம்] இதுவா அத்தை? கோட்டிலிருந்து முழங்கால் ரப்பர் வரைக்கும் மெல்லிசாக மூன்று கீறல்.

காட்பாடி அத்தை: இதேதான்.

அப்பா: இத்தனை வருடம் துடைத்திருக்கிறேன், என் கண்ணில் பட்டதில்லை.

நான்: மாமா, தப்பாக நினைக்காதீர்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் உற்பத்தியைத் தொடங்கி 1996-ல் மூடிவிட்டார்கள். அங்கே அடித்த பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். புது பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். துரு வந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, மற்றதற்கு மெழுகு போட்டுத் துடைத்தாலே போதும். உங்கள் பாதிப் பணத்துக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். இரண்டு டயரும் வெடித்துக் கிடக்கிறது.

ஆற்காடு மாமா: சரி, அக்கா சொன்ன பிறகு பேச்சு ஏது. டயர் என் பொறுப்பு.

தங்கை: அண்ணா, வீல் கழற்றும்போது பிரேக் டிரம்மில் இருக்கிற தூசியை வாயால் ஊதாதே. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடு. மாஸ்க் நான் தருகிறேன்.

நான்: சரிம்மா.

அப்பா: ஆர்சி புத்தகம் பீரோவில் கிடைத்தது. 1971 என்று போட்டிருக்கிறது. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. விண்டேஜ் என்று பதியலாம் என்கிறார்களே?

பெங்களூர் அண்ணா: பதியலாம் சித்தப்பா. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று இதற்கெல்லாம்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது.

காட்பாடி அத்தை: அப்போ என்னை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போவது?

நான்: அதனால்தான் விண்டேஜ் வேண்டாம் என்கிறேன். சாதாரணப் பதிவையே புதுப்பிக்கலாம், 5 வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்னால் பெயர் மாற்ற வேண்டும். அப்பா, படிவம் 31, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தெளிவாகப் படிக்கிற மாதிரி இருக்கின்றன. அந்த இடத்தில் உப்புத்தாள்கூடப் போடவில்லை.

அப்பா: யார் பெயருக்கு மாற்றுவது?

சித்தப்பா: யார் கையில் கிரீஸ் இருக்கிறதோ அவன் பெயருக்கு. அண்ணா, நானும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடுகிறோம்.

காட்பாடி அத்தை: சம்மதம்.

நான்: சித்தப்பா... இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நன்றி.

சாயங்காலம்

நான்: [படம்] இடது சீல் வெளியே வந்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்க வேண்டும். இது வளையல் மாதிரிக் கட்டியாக இருக்கிறது. சீலின் உள் ஓர உதட்டில் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு. உள்ளே இருக்கிற சுருள் ஸ்பிரிங் துருப்பிடித்து ஓரிடத்தில் அறுந்தே போயிருக்கிறது.

பெங்களூர் அண்ணா: ஓரத்தில் எண் இருக்குமே, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஜேசி ரோடு போகிறேன்.

நான்: துடைத்துவிட்டு அனுப்புகிறேன். அண்ணா, சாதாரண ரப்பர் வேண்டாம், வைட்டான் என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரகத்து ரப்பர் ஊறிப்போகும். பெட்ரோல் டியூபும் அதே மாதிரி ஒரு மீட்டர்.

பெங்களூர் அண்ணா: வாங்குகிறேன். கிளட்ச் கவர் பேக்கிங்?

சித்தப்பா: பேக்கிங் ஷீட் என்னிடம் இருக்கிறது, இங்கேயே வெட்டிக்கொள்கிறோம். வேறு ஏதாவது வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் நான் பார்த்துக்கொள்கிறேன். டேய், இரவு வண்டியைத் திறந்தபடி விடாதே. மண் விழுந்தால் பேரிங் போச்சு. சுத்தமான துணியால் மூடிக் கட்டு.

நான்: [படம்] கட்டிவிட்டேன்.

அம்மா: அது என் புது துண்டு!