ஃபீட்பேக்குக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் தேவை

நாகர்கோவிலிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் காலாண்டிதழின் இசைச் சிறப்பிதழுக்கு ஜீசஸ் அண்ட் மேரி செயின் என்ற இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) குழுவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல் இழுத்துப் பிடிக்கிறது: ஃபீட்பேக், அதாவது ஒலிபெருக்கியில் வந்த ஒலி மறுபடி கருவிக்குள் போய்ப் பெருகி எழும் இரைச்சல்.

குழுவின் கதை சுருக்கமாக: கிளாஸ்கோவை அடுத்த ஈஸ்ட் கில்பிரைடு நகரத்து அண்ணன் தம்பி வில்லியம் ரீடும் ஜிம் ரீடும் தொடங்கியது. வேலையிழந்த தந்தை தமக்குக் கிடைத்த ஈட்டுத்தொகையிலிருந்து 300 பவுண்டு எடுத்துக்கொடுக்க, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் கருவி வாங்கினார்கள். 1984இல் கிரியேஷன் என்ற சிறு நிறுவனம் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 1985இல் சைக்கோகேண்டி தொகுப்பு. டிரம்ஸ் வாசித்த பாபி கில்லெஸ்பி நின்றபடி இரண்டே முரசுகளை அடித்தார். பேஸ் கிட்டாரில் டக்ளஸ் ஹார்ட்டுக்கு இரண்டு தந்திகளே போதுமாக இருந்தன. தொடக்கக் காலக் கச்சேரிகள் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

மெட்டு 1960களின் பாப் பாட்டுப்போல எளிமையானது, குழந்தைகூடப் பாடலாம். அதன்மேல் கிட்டாரின் ஃபீட்பேக் வெள்ளமாகப் பாய்கிறது. இந்தக் கலப்புதான் அவர்கள் உலகுக்குக் கொடுத்தது. அதனால் அந்தச் சொல் கட்டுரை நெடுகிலும் வருகிறது. ‘பின்னூட்டம்’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த அக்கா, “கிட்டாருக்கு யார் கருத்துச் சொன்னார்கள்?” என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார்.

தக்கலையிலிருந்து:

தம்பிக்கு, வெளியில் தேட வேண்டாம். “கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள” என்று தொல்காப்பிய உரியியல் அரவத்துக்கு, அதாவது ஓசைக்கு, நான்கு சொற்களை எடுத்துவைத்திருக்கிறது. அதங்கோட்டாசான் முன் அரங்கேறிய நூல். களியக்காவிளைப் பக்கத்து அதங்கோட்டை நம்முடையதென்று கொண்டாடும் நாம் இதை மறக்கலாமா? என் தேர்வு கம்பலை. கம்பி, கம்பலை இரண்டுக்கும் அடி ஒன்றே என்பது என் நெடுநாள் எண்ணம். கம்பி அதிர்ந்தால் எழுவது கம்பலை. இசையில் சொல்லும் கம்பிதமும் இங்கிருந்து போனதே.

குழித்துறையிலிருந்து:

ஆசான் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பிதம், கம்பனம் எல்லாம் நடுக்கத்தைக் குறிக்கும் வடசொற்கள். கம்பியை அவற்றோடு கட்டச் சான்று வேண்டும். கிட்டாரையும் மைக்கையும் ஏற்ற நாம் ஃபீட்பேக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வடவெழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கலாமென்று அதே தொல்காப்பியம் வழிவிட்டிருக்கிறது.

தக்கலையிலிருந்து:

எழுத்தை நீக்கித்தானே ஏற்கச் சொன்னார்? நீங்கள் ஆய்தத்தைச் சொல்லின் தலையில் வைக்கிறீர்கள். ஆய்தம் குற்றெழுத்துக்குப் பின்னும் உயிரேறிய வல்லினத்துக்கு முன்னும்தான் வரும்: அஃது, எஃகு, கஃசு. வேண்டுமானால் ‘பீட்பேக்’ என்று எழுதுங்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

குளச்சலிலிருந்து:

வணக்கம். மைக் செட் தொழிலில் இருபது ஆண்டாக இருக்கிறேன். ஐயா சொல்லும் கம்பலை பலர் கூடி எழுப்பும் ஆரவாரம், நம் ஏலக்கூடச் சத்தம்போல. ஃபீட்பேக் அப்படியல்ல. அது ஒரே சுரமாகப் பிடித்துக்கொண்டு ஏறும்.

ஓர் அம்மன் கொடையில் வில்லுப்பாட்டு. பாட்டை நடத்தும் அண்ணாவி கதையில் தோய்ந்து, வில்லை அடிக்கும் வீசுகோலோடு மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். பெட்டியிலிருந்து வந்த குரல் மறுபடி மைக்குக்குள் போய்ப் பெருகி ‘ஊ’ என்று எழும்பியது. குடம் அடிப்பவரின் கை நின்றுவிட்டது. நான் சத்தத்தைக் குறைக்கவில்லை, அந்தச் சுரம் எந்த அலைவரிசையில் நிற்கிறதென்று பார்த்து அந்த ஒரு குமிழை மட்டும் இறக்கினேன். அடங்கியது. நாங்கள் அடங்கச் செய்வதை ரீடு சகோதரர்கள் வேண்டுமென்றே வளர்த்தார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ‘மைக் ஊளையிடுகிறது’ என்போம். பெயர் ஊளை. தமிழ்ச்சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தக்கலையிலிருந்து:

நாயும் நரியும் இடுவது ஊளை. சாவு வீட்டு நினைவு வருகிறது. கம்பலை வேண்டாமென்றால் முரல்வு எனலாம். வண்டு முரலும், யாழும் முரலும்.

குளச்சலிலிருந்து:

எங்கள் கரையில் முரல் என்றால் மீன், ஐயா. நீண்ட மூக்குள்ள மீன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் வரும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

நான் இயற்பியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பில் மின்னலைகளை உண்டாக்கும் அலையியற்றி பற்றி நடத்தும்போது பின்னூட்டம் என்றே சொல்கிறோம். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே ஊட்டுவது அது. கிட்டாரில் நடப்பதும் அதுவே: தந்தியின் அதிர்வைக் கிட்டாரிலுள்ள பிக்அப் என்ற உணரி மின்னாக்குகிறது, ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது, ஒலிபெருக்கியின் ஒலி அதே தந்தியை மறுபடி அதிரவைக்கிறது. கலைஞர் இரண்டடி தள்ளி நின்றால் சுரமே மாறிவிடும். இணையம் பின்னூட்டத்துக்கு வேறு பொருள் தந்ததற்காக நம் சொல்லைக் கைவிட வேண்டுமா? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சுழலொலி பொருந்தும். ஒலி சுழன்று வருகிறதல்லவா?

குழித்துறையிலிருந்து:

சுசீந்திரம் இசைத்தூண்களைத் தட்டினால் எழுவதும் இதுதானா? அப்படியானால் பழஞ்சொல் ஏதேனும் சிற்பிகளிடம் இருக்க வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

இல்லை ஐயா. தட்டிய கல் தன் இயல்பான சுரத்தில் அதிர்ந்து தேய்ந்து அடங்கும். ஃபீட்பேக் மின்சாரம் உள்ளவரை ஓயாது. சிற்பிகளின் சொல் தனியே தேடத் தக்கது. இந்த இழையில் வேண்டாம், அச்சகம் காத்திருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து:

வியாழன் இரவு பதினொன்றாகிவிட்டது. தனி அஞ்சல்களையும் சேர்த்துச் சுழலொலிக்கு நால்வர், ஊளைக்கு இருவர், பின்னூட்டத்துக்கும் கம்பலைக்கும் ஒவ்வொருவர். பெயராகச் சுழலொலியை இடுகிறேன். கச்சேரியை விவரிக்கும் பத்தியில் மட்டும் ‘கிட்டார் ஊளையிட்டது’ என்று வினையாக வைத்திருக்கிறேன், அங்கே வேறெதுவும் உட்காரவில்லை. இண்டி என்பதை மாற்றவில்லை.

குளச்சலிலிருந்து:

தம்பி, என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்பச் சுற்றவிடும் லூப் பெடல் ஒன்று உண்டு. எங்கள் கோயில் பாடகர் குழுப் பையன்கள்கூட வைத்திருக்கிறார்கள். சுழலொலி என்றதும் அவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த இதழுக்கு முன் மறுபடி பேசுவோம்.