ராயக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு விலங்குக் காப்பகம்: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ராயக்கோட்டைக்காரி

வணக்கம். ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிறோம். ரோட்டில் அடிபட்ட ஒரு நாயைத் தூக்கி வந்து பிழைக்க வைத்தோம். அந்தச் சேதி பரவி, இப்போது 11 நாய்கள், இரண்டு ஜெர்சிக் காளைக் கன்றுகள், பால் வற்றிய மாடு ஒன்று. நாய்களில் ஒன்று கண் தெரியாத லாப்ரடார். ஓசூரில் வாடகை வீட்டைக் காலி செய்த குடும்பம் விட்டுவிட்டுப் போனது. ராத்திரியில் சாக்குப்பையில் குட்டிகளைப் போட்டுக் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டுக்காரர் கூடவே நின்று எல்லாம் செய்கிறார். ஆனால் தக்காளி விலை விழுந்த மாதம் தீவனத்துக்கே கடன் வாங்கும்படி ஆகிவிட்டது. டிரஸ்ட் பதிவு செய்தால் உதவி வருமா? இனிமேல் கொண்டு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லலாமா? சொன்னால் அந்த உயிர் ரோட்டுக்குத்தானே போகும் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

பதில்: காவேரிப்பட்டணம் அக்கா

தங்கச்சி, முடியாது என்று சொல்லலாம். சொல்லித்தான் ஆக வேண்டும். பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். காப்பகங்கள் பணம் இல்லாமல் மூடுவதைவிட, அளவு தெரியாமல் சேர்த்து மூச்சுத் திணறி மூடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமைக்குப் போனால், உள்ளே இருக்கிற எல்லா உயிரும் சேர்ந்து கஷ்டப்படும்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று எப்படி முடிவு செய்வது? என் கணக்கு தண்ணீர்தான். சித்திரை மாதம் உங்கள் போர்வெல்லில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். வெயிலில் ஒரு மாட்டுக்குக் குடிக்க மட்டும் 50, 60 லிட்டர் வேண்டும். கொட்டகை கழுவுவது தனி. மழைக்காலத்துக் கிணற்றைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். அப்புறம், நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அந்த ஒரு வாரம் ஒரே ஆள் எத்தனை உயிரைப் பார்க்க முடியும்? இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் அளவு.

முடியாது என்பதை மொட்டையாகச் சொல்ல வேண்டாம். “இன்னும் மூன்று வாரம் நீங்களே வைத்திருங்கள், நான் வீடு தேடித் தருகிறேன்” என்று சொல்லி, போட்டோவும் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறுகிறோம் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். நாய் சோபாவைக் கடிக்கிறது, ராத்திரி குரைக்கிறது என்று வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால், பலர் திருப்பிக் கூட்டிப்போய்விடுவார்கள். வளர்த்த பிராணியை நடுத்தெருவில் விடுவது 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை என்பது எனக்கு வயிற்றெரிச்சல். இருந்தாலும் கேட்டில் அதை எழுதி, பக்கத்தில் ஒரு கேமரா வையுங்கள். சாக்குப்பைகள் குறையும்.

அந்தச் சாக்குப்பைக் குட்டிகளை நேராக மற்ற நாய்களோடு விடவே கூடாது. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டி முதலில் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். அப்புறம் நுரை வாந்தி, ரத்தம் கலந்த தண்ணீர்ப் பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தால் மறக்காது. உடனே டிரிப்ஸ் ஏற்றாவிட்டால் கண்ணெதிரே போய்விடும். பார்க்க நன்றாக இருக்கிற குட்டிக்குள்ளும் அது இருக்கலாம். அதனால் குறைந்தது 14 நாள் தனி இடம், தனித் தட்டு, அங்கே போக மட்டும் ஒரு ஜோடி செருப்பு. எல்லாவற்றுக்கும் வேலை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அந்தக் குட்டிகளிடம் போக வேண்டும். மண் தரையில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தனி அறைக்கு மட்டுமாவது சிமெண்ட் தரை போட்டுவிடுங்கள்.

கையில் காசு வந்தால் புதுக் கொட்டகைக்கு முன்னால் கருத்தடைதான். பெட்டை நாய் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினைக்காலம் சுமார் 63 நாள்தான். உங்கள் வீட்டில் எல்லோரும் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அது போட்டிருந்தாலும், கடி பட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மான்குட்டி என்று யாராவது கொண்டு வந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

பதில்: தேன்கனிக்கோட்டை, ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

அக்கா நாய்களுக்குச் சொல்லிவிட்டார். நான் மாட்டுக்குச் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை டிரம்மில் கொண்டு வந்து கொட்டுவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் பசித்த மாடு ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சோறு தின்றால் வயிற்றுக்குள் புளித்து அமிலமாகி, அசைபோடுவது நின்று, மறுநாளே படுத்துவிடும். அப்படிச் செத்த மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அசை நின்றால் காத்திருக்காமல் 1962க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கழித்துப் போடுகிற தக்காளியும் அப்படித்தான். ராகித் தாள் (காய்ந்த தட்டை) தின்ற பிறகு கொஞ்சம் போடலாம், தக்காளி மட்டுமே தீவனமாகக் கூடாது.

உங்கள் பக்கம் சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கும். ராகி அறுவடை நேரத்தில் தாள் போரை ஒதுக்குப்புறமாக, மாடுகள் கட்டிய கொட்டகையிலிருந்து தள்ளிப் போடுங்கள். போருக்கு வருகிற யானை தொழுவத்தையும் சாய்த்துவிடும். காட்டோரம் சிறுத்தை நாயைத் தூக்குவதும் உண்டு. பொழுது சாய்ந்ததும் நாய்களை மேலேயும் வலை போட்ட அடைப்புக்குள் விடுங்கள்.

காளைக் கன்று ஏன் இப்படி வந்து சேர்கிறது? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, பால்காரருக்கு அது செலவு. பாலினம் பிரித்த சினை ஊசி என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பத்தில் ஒன்பது பெண் கன்றாகப் பிறக்கும். அக்கம்பக்கத்துப் பால்காரர்களைக் கால்நடை மருந்தகத்தில் அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

பதில்: மத்திகிரி வாசி

நான் காப்பகம் நடத்துகிறவன் இல்லை, மாதாமாதம் கொடுக்கிற ஆள். எங்கள் குடியிருப்பில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு காப்பகத்துக்கு அரிசி, தடுப்பூசி, டாக்டர் பில் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். பிறந்த நாளுக்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டோடு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களைவிட, மாதம் 300 ரூபாய் தவறாமல் தருகிற பத்துப் பேர் எவ்வளவோ மேல். அவர்களைத் தேடுங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை மாதக் கடைசியில் குழுவில் போடுங்கள். நாங்கள் தொடர்ந்து கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

டிரஸ்ட் பதிவு செய்வதாலேயே பணம் வராது. வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்கிற பதிவுகள் இரண்டும் வாங்கினால் கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கலாம். அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, வங்கி வழியாகத்தான் வர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர் அனுப்புகிறேன் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் வாங்கிவிடாதீர்கள்.

லாப்ரடாருக்கு நான் இங்கே வீடு தேடுகிறேன். கண் தெரியாத நாய்க்கு மாடிப்படி இல்லாத, சாமான்களை அடிக்கடி இடம் மாற்றாத வீடு போதும். வயதும், மற்ற நாய்களோடு எப்படி இருக்கிறது என்பதும் எழுதுங்கள்.

ராயக்கோட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நாய்கள் 12, மாடு கன்று சேர்த்து 4, இதற்கு மேல் இல்லை என்று வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்துவிட்டோம். லாப்ரடாருக்கு எட்டு வயது இருக்கும் என்றார் டாக்டர், யாரோடும் சண்டை போடாது. அண்ணா, தாள் எப்போது வாங்கி வைப்பது நல்லது?

தேன்கனிக்கோட்டை, ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

மார்கழி, தையில் ராகி அடிக்கும்போதே களத்தில் பேசி வாங்கிவிடுங்கள் அம்மா. பங்குனிக்கு மேல் விலை ஏறிவிடும். நன்றாகக் காய்ந்த தாளாகப் பார்த்து, கீழே கல் அடுக்கி, அதன்மேல் போர் போடுங்கள். பூஞ்சை பிடித்த கட்டு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.