கீழ்த்தளம் திறந்த வீடு: நிலநடுக்கத்துக்குக் கைபேசி எச்சரிக்கை மட்டும் போதுமா?

கேள்வி – மேடவாக்கம்வாசி

வணக்கம். சென்னையில் கீழ்த்தளம் முழுவதையும் வண்டி நிறுத்த விட்டுவிட்டு, அதன்மேல் மூன்று தளங்கள் எழுப்பத் திட்டமிட்டிருக்கிறோம். சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில், அதாவது மிதமான அபாயமுள்ள பகுதியில், இருப்பதால் கீழ்த்தளத்தை வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறார் வரைபடம் போட்டவர். ஒப்பந்தக்காரரோ, இங்கு நிலநடுக்கம் வராது, வந்தாலும் கைபேசி முன்கூட்டியே சொல்லிவிடும், வீண் செலவு வேண்டாம் என்கிறார். எழுபதைக் கடந்த என் பெற்றோர் மேல்தளத்தில் குடியிருக்கப் போகிறார்கள். யார் சொல்வது சரி?

பதில் – கட்டமைப்புப் பொறியாளர்

வரைபடம் போட்டவர் சொல்வதே சரி, ஐயா. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.-க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல சரிந்தன. அவற்றுள் பல, நீங்கள் கட்ட நினைப்பதைப் போலவே கீழ்த்தளத்தை வண்டிகளுக்காகத் திறந்து விட்டவை. மேல்தளங்களில் பில்லர்களுக்கிடையே செங்கல் சுவர்கள் நிறைந்திருப்பதால் அப்பகுதி ஒரே கட்டியாக விறைத்து நிற்கிறது. தரை பக்கவாட்டில் ஆடும்போது, கட்டடம் வளைய வேண்டிய அளவெல்லாம் சுவரில்லாத கீழ்த்தளப் பில்லர்களின் தலையிலும் அடியிலும் வந்து குவிந்து, அவற்றை முறித்துவிடுகிறது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893. அதன் 2002 பதிப்பு, இத்தகைய தளத்தின் பில்லர்களையும் பீம்களையும் கணக்கில் வரும் நிலநடுக்க விசையைப் போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016 பதிப்பு, திறந்த தளத்தில் ஆங்காங்கே கான்கிரீட் சுவரோ குறுக்குச் சட்டமோ வைக்கச் சொல்கிறது. மாடிப்படியையும் மனையின் ஓரங்களையும் ஒட்டி இரு திசைகளிலும் இச்சுவர்களை அமைத்தால் வண்டிகளுக்கு இடைஞ்சல் இராது. ஒரே பக்கத்தில் குவித்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் உங்கள் பொறியாளர் கவனிக்க வேண்டும். அதே 2001-இல் செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது என்பதை உங்கள் ஒப்பந்தக்காரருக்கு நினைவூட்டுங்கள்.

பதில் – ஜப்பானிலிருந்து

எச்சரிக்கை எதற்கு உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கத்தில் முதலில் வரும் அலை வேகமானது, சேதம் குறைந்தது. பின்னால் வரும் மெதுவான அலையே கட்டடத்தை உலுக்குவது. மையத்துக்கு அருகிலுள்ள கருவிகள் முதல் அலையைக் கண்டதும் செய்தி அனுப்புகின்றன. பின்னால் வரும் அலை நொடிக்கு ஏறத்தாழ மூன்றரை கி.மீ. செல்லும் என்று கொண்டால், பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்துக்கு ஒரு நிமிடம் போலக் கிடைத்திருக்கலாம். பூஜ் நகரத்துக்கு அநேகமாக எதுவும் கிடைத்திராது. அந்த ஒரு நிமிடத்திலும் முதியவர்கள் மூன்று மாடி இறங்க இயலாது. மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளவே இங்கு பழக்குகிறார்கள், அதற்கு மேலே உள்ள தளம் நிற்க வேண்டும். ஜப்பான் தன் கட்டட விதிகளை 1981-இல் கடுமையாக்கியது, பொதுமக்களுக்கான எச்சரிக்கை 2007-இல்தான் வந்தது. 1995-இல் கோபே நகரம் குலுங்கியபோது எச்சரிக்கை ஏதுமில்லாமலே புதிய விதிப்படி கட்டியவை பெரும்பாலும் தாங்கின.

மேடவாக்கம்வாசி

இருவருக்கும் நன்றி. கான்கிரீட் சுவர்களைச் சேர்க்கச் சொல்லிவிடுகிறேன். கம்பி கட்டும்போது நான் நேரில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில் – கட்டுமான மேற்பார்வையாளர்

பில்லரின் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனைக் கொக்கியைப் பாருங்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அதை 90 பாகையில் மடக்கி விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. குலுக்கலில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி விரிந்து, நிமிர்ந்த கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும். நிலநடுக்கத்துக்கான கம்பி அமைப்பைச் சொல்லும் தரநிலையான ஐஎஸ் 13920 கேட்பது 135 பாகை, அதாவது முனை பில்லரின் உட்புறம் நோக்கி மடங்கி, குறைந்தது 65 மி.மீ. உள்ளே நீண்டிருக்க வேண்டும். பில்லரின் தலையிலும் அடியிலும் குறைந்தது 450 மி.மீ. உயரத்துக்கு ரிங்குகளின் இடைவெளி 100 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பில்லரின் அளவைப் பொறுத்து இது இன்னும் நெருங்கலாம். பலகை அடைப்பதற்கு முன்பே டேப் பிடித்து அளந்து, ஒவ்வொரு பில்லரையும் படம் எடுத்து உங்கள் பொறியாளருக்கு அனுப்புங்கள். அவர் ஒப்புதல் தந்த பிறகே கான்கிரீட் போட விடுங்கள்.